உறவுக்காரர் சொல்வது உண்மையா, பொய்யா? குற்ற வழக்குகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கொலை நடந்தாலோ, ஓர் ஆள் காணாமல் போனாலோ, எல்லோர் பார்வையும் முதலில் குடும்பத்தின் மேல்தான் விழுகிறது. கணவர் முகத்தைப் பார், அம்மா பேசுகிற தொனியைக் கேள், அண்ணன் ஏன் வாயே திறக்கவில்லை என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் பல வருடங்களாக இப்படிப்பட்ட வழக்குகளையும் பொய்யைப் பற்றிய ஆய்வுகளையும் படித்து வருகிறேன், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகத்தைப் பார்த்து முடிவு செய்கிற பழக்கம் நிரபராதிகளைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறது, குற்றவாளிகளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறது. அவர்கள் சொன்ன சொல்லை எடுத்துக்கொண்டு போய்ச் சரிபார்த்தால் மட்டுமே ஏதாவது தெரியவரும்.

பெற்ற பிள்ளை செத்துப் போயிருக்கிறது, அந்த அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே. அது சந்தேகப்பட வேண்டிய விஷயம் இல்லையா?

இல்லை. ஆஸ்திரேலியாவில் லிண்டி சேம்பர்லைன் என்ற பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1980 ஆகஸ்டில், உலுரு பாறைக்கு அருகே குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கியிருந்தபோது, அவருடைய ஒன்பது வாரப் பெண்குழந்தையை டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிக்கொண்டு போனது. அவர் நடந்ததை அப்படியே சொன்னார். ஆனால் தொலைக்காட்சியில் நிதானமாகப் பேசினார், அழவில்லை, நாய் எப்படிச் செய்திருக்கும் என்று விவரம் விவரமாக விளக்கினார். ஒரு தாய் இப்படியா இருப்பாள் என்று நாடே பேசியது. 1982 இல் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். காரில் ரத்தம் தெறித்திருக்கிறது என்று காட்டப்பட்ட தடயம், கார் தயாரிப்பில் இரைச்சலைக் குறைக்கப் பூசுகிற பொருள் என்று பின்னால் தெரிந்தது. 1986 இல் குழந்தையின் சட்டை ஒன்று டிங்கோக்கள் நடமாடும் இடத்துக்குப் பக்கத்தில் கிடைத்த பிறகுதான் விடுதலையானார். 1988 இல் தண்டனை ரத்தானது. குழந்தையைக் கொன்றது டிங்கோதான் என்று மரண விசாரணை அதிகாரி முறையாகப் பதிவு செய்தது 2012 இல். முப்பத்திரண்டு வருடம்!

துக்கத்தில் ஒருவர் மரத்துப் போவார், இன்னொருவர் சிரிப்பார், மற்றொருவர் வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார். அதிர்ச்சி எந்த உருவத்தில் வெளியே வரும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது, அதனால் அதை வைத்து யாரையும் மடக்கவும் முடியாது.

அப்படியானால் கதறி அழுகிறவர்களை நம்பலாமா?

அதுவும் முடியாது. 1994 அக்டோபரில் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் சூசன் ஸ்மித் என்ற இளம் தாய், ஒரு கறுப்பின ஆள் தன் காரைப் பறித்துக்கொண்டு போய்விட்டான், என் இரண்டு மகன்களும் உள்ளே இருக்கிறார்கள் என்று கேமரா முன்னால் அழுது மன்றாடினார். ஒன்பது நாள் கழித்து, தானே காரை ஏரிக்குள் இறங்க விட்டதாக ஒப்புக்கொண்டார். அந்த ஒன்பது நாளும் இல்லாத ஒரு கறுப்பின ஆளைத் தேடியதில் எத்தனை அப்பாவிகள் சந்தேகத்துக்கு ஆளானார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பொய்யின் விலையைக் கணக்கிட வேண்டும்.

காணாமல் போன உறவினருக்காகவோ, கொல்லப்பட்டவருக்காகவோ பொதுமக்களிடம் உதவி கேட்கிற இப்படிப்பட்ட பேட்டிகளை வைத்தே ஆல்டர்ட் விரைய் என்ற உளவியலாளரும் சமந்தா மான் என்பவரும் 2001 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பேட்டி கொடுத்தவர்களில் சிலர் தாங்களே கொன்றவர்கள். 52 போலீஸ் அதிகாரிகளுக்கு அந்த வீடியோக்களைப் போட்டுக் காட்டி, யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்டார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே அளவுக்குத்தான் சரியாக வந்திருக்கும்.

உண்மையாகத் தவிக்கிறவர்கள் திரும்பி வந்துவிடுவார் என்ற நம்பிக்கையை அதிகம் சொல்கிறார்கள், கொடூரமான வார்த்தைகளைத் தவிர்க்கிறார்கள் என்று பின்னால் வந்த சில ஆய்வுகள் காட்டின. அதெல்லாம் பல பேரைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கிற சராசரி. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரே ஒருவரைப் பற்றி அது எதையும் சொல்லாது.

கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றால்?

75 நாடுகளில் விசாரித்தபோது, பொய் சொல்பவனின் அடையாளமாக மக்கள் அதிகம் சொன்னது இதைத்தான். உலகமே நம்புகிறது, ஆனால் ஆதாரம் இல்லை. பெல்லா டிபாலோவும் அவரோடு வேலை செய்தவர்களும் 2003 இல் 158 அறிகுறிகளை எடுத்துச் சோதித்தார்கள், பெரும்பாலானவற்றுக்கும் பொய்க்கும் தொடர்பே இல்லை, அல்லது மிக மெலிதான தொடர்புதான். வெட்கப்படுகிறவர், பயந்தவர், பெரியவர்கள் முன் தலைகுனிந்து நிற்கப் பழகியவர் எல்லோரும் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

முப்பது வருடம் சர்வீஸ் போட்ட அதிகாரிக்குமா தெரியாது?

2006 இல் சார்லஸ் பாண்டும் டிபாலோவும் சுமார் 24,000 பேர் கொடுத்த தீர்ப்புகளைத் தொகுத்தார்கள். உண்மை எது, பொய் எது என்று சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். போலீஸ், நீதிபதி போன்ற தொழில்முறை ஆட்கள் சாதாரண மக்களைவிடக் குறிப்பிடும்படியாக மேலே போகவில்லை. அனுபவத்தால் கூடுகிறது பெரும்பாலும் தன்னம்பிக்கைதான். காரணமும் எளிது. தன் கணிப்பு தவறு என்று அந்த அதிகாரிக்குத் தெரியவரும் வாய்ப்பே மிகக் குறைவு. சந்தேகப்பட்டவருக்குத் தண்டனை கிடைத்தால் பார், நான் அப்போதே சொன்னேன் என்பார். கிடைக்காவிட்டால் தப்பிவிட்டான் என்பார்.

பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் கருவியை வைத்துப் பார்த்துவிடலாமே?

இரண்டு வழக்குகளின் கதையைச் சொன்னால் புரியும். அமெரிக்காவில் விச்சிடா நகரத்தில் 1986 இல் ஒரு பெண் வீட்டில் கொலையானார். அவருடைய கணவர் பாலிகிராஃப் சோதனையில் இரண்டு முறை தோற்றார். மனைவியை இழந்த அன்றைக்கு ஒரு மனிதனின் இதயத்துடிப்பும் வியர்வையும் வேறு எப்படி இருக்கும்? ஊர் அவரைப் பல வருடம் சந்தேகத்தோடுதான் பார்த்தது. 2004 இல் பிடிகே என்று பெயர் வைத்துக்கொண்ட தொடர் கொலைகாரன் அந்தப் பெண்ணின் ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் புகைப்படங்களையும் செய்தித்தாளுக்கு அனுப்பிய பிறகுதான் கணவர் மேலிருந்த நிழல் விலகியது. மறுபக்கம், வாஷிங்டன் மாநிலத்தில் பல பெண்களைக் கொன்ற கிரீன் ரிவர் கொலைகாரன் என்று பின்னால் தெரியவந்த கேரி ரிட்ஜ்வே 1984 இல் அதே சோதனையில் ஜெயித்து வெளியே போனான். கருவி அளப்பது உடம்பின் பதற்றத்தை. பதற்றம் எதனால் வந்தது என்று அதற்குத் தெரியாது.

அப்புறம் ஏன் போலீஸ் முதலில் வீட்டு ஆட்களையே விசாரிக்கிறது?

விசாரிக்கத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ஐ.நா. கணக்குப்படி 2023 இல் உலகம் முழுவதும் கொலையான சுமார் 85,000 பெண்கள், சிறுமிகளில் ஏறக்குறைய 51,000 பேரைக் கொன்றவர்கள் அவர்களுடைய துணைவர்களோ குடும்பத்தினரோதான். அதனால் கணவர் எங்கே இருந்தார் என்று கேட்பது அவமானப்படுத்துவது ஆகாது. ஆனால் இந்தக் கணக்கு எங்கே தேட ஆரம்பிப்பது என்பதற்கு மட்டும்தான் உதவும், குறிப்பிட்ட இந்தக் கணவர் செய்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் பல வழக்குகளில் மற்ற திசைகள் பார்க்கப்படாமலே போயின.

ஒரு விஷயத்தில் பொய் சொன்னது நிரூபணமாகிவிட்டது. இனி சொல்வதெல்லாம் பொய்தானே?

இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது, ஏனென்றால் இங்கேதான் புத்திசாலிகளும் சறுக்குகிறார்கள்.

குற்ற விசாரணை என்பது ஒரு குடும்பத்தின் எல்லா அறைகளையும் ஒரே நாளில் திறந்து வைக்கிறது. அந்த வீட்டில் கொலையைத் தவிர மறைக்க வேண்டிய விஷயம் வேறு எத்தனையோ இருக்கும். அன்று மாலை கணவர் போன இடம் வேறொரு பெண்ணின் வீடு. தம்பி வாங்கிய கடன் அப்பாவுக்குத் தெரியாது. அம்மா அன்றைக்கு மகளை அறைந்திருக்கிறாள், அதுதான் மகளோடு இருந்த கடைசி நிமிடம், அதை வாய்விட்டுச் சொல்ல அவளால் முடியவில்லை. அக்காவின் விசா காலாவதியாகிவிட்டது, போலீஸ் என்றாலே நடுங்குகிறாள். இவர்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள். அந்தப் பொய் வெளியே வரும்போது குற்றவாளியின் பொய் போலவே தெரியும்.

அதனால் பொய் என்று தெரிந்தவுடன் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பொய் எதைக் காப்பாற்றுகிறது? மானத்தையா, இன்னொரு ஆளையா, பணத்தையா, வேலையையா, இல்லை குற்றத்தையா? விசாரிப்பவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, குற்றத்தோடு சம்பந்தம் இல்லாத விஷயம் வீட்டாருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று உறுதி கொடுத்தால் (கொடுத்த உறுதியைக் காப்பாற்றவும் வேண்டும்) பாதிப் பொய்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். மிச்சம் இருக்கிற பொய்யைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அப்படியும், குற்றத்தையே மறைக்கிற பொய் என்று தெரிந்தாலும், அதைச் சொன்னவர் செய்தவர் என்று ஆகிவிடாது. மகனுக்காகப் பொய் சொல்கிற அப்பா சட்டப்படி தவறு செய்கிறார்தான், ஆனால் அது வேறு தவறு.

“அந்த ராத்திரி அவன் வீட்டில்தான் இருந்தான்” என்று அம்மா சொல்கிறார். பெற்றவள் வேறு என்ன சொல்வாள்?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், உங்களுக்கு யார் சாட்சி? வீட்டு ஆட்கள்தான். நிரபராதி ஒருவனுக்கு இருக்கக்கூடிய மிக இயல்பான சாட்சியே அவன் அம்மாவோ மனைவியோதான், அந்த ஒரே சாட்சியை உறவு என்ற காரணத்துக்காகவே தள்ளிவிட்டால் வீட்டில் தூங்கியவன் எப்போதும் தன்னை நிரூபிக்கவே முடியாது.

அவர் சொல்வதைக் கேட்டு, அதற்குள் தொட்டுப் பார்க்கக்கூடிய விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். “வீட்டில்தான் இருந்தான்” என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. “பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது, இன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று அவன்தான் எழுந்து போய்ப் பார்த்தான், அப்போது அவன் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது” என்பதைச் சரிபார்க்கலாம். மின்தடை பதிவு இருக்கும், அழைப்பு விவரம் இருக்கும். பொய் சொல்கிறவர்கள் விவரம் கொடுப்பார்கள், ஆனால் பிறர் போய்ப் பார்க்கக்கூடிய விவரத்தைத் தவிர்ப்பார்கள் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

இன்னொன்று. தப்பான நினைவைப் பொய் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் ரொனால்ட் காட்டன் என்ற இளைஞர் 1984 இல் போலீஸ் கேட்டபோது எங்கே இருந்தேன் என்று சொன்னார், ஆனால் ஒரு வாரயிறுதியை இன்னொரு வாரயிறுதியோடு குழப்பிக்கொண்டார். சரிபார்த்தால் ஒத்துப்போகவில்லை. பொய்யன் என்ற முத்திரை விழுந்தது. பத்து வருடத்துக்கு மேல் சிறை. 1995 இல் டிஎன்ஏ பரிசோதனையில்தான் குற்றம் செய்தவர் வேறு ஆள் என்று தெரிந்தது. போன மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கே இருந்தீர்கள்? இப்போதே, போனைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

முதல் நாள் ஒன்று சொன்னார், பத்து நாள் கழித்து வேறு மாதிரி சொல்கிறார். இது கூடவா சந்தேகம் இல்லை?

என்ன மாறியது என்பதைப் பொறுத்தது. பயங்கரமான நேரத்தில் மனசு நடுவில் நடந்ததைப் பிடித்துக்கொள்ளும், மணி, சட்டை நிறம், எது முன்னால் எது பின்னால் என்பதெல்லாம் நழுவும். அவை மாறுவது சகஜம். பத்து நாளும் ஒரு எழுத்துக்கூட மாறாமல், மனப்பாடம் செய்த மாதிரி சொல்கிறவரைக் கண்டால்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். உண்மையை நினைவிலிருந்து எடுத்துச் சொல்கிறவர் நடுவில் நிறுத்தி, “இல்லை இல்லை, கதவைத் திறந்தது நான் இல்லை, தங்கச்சி” என்று தானே திருத்துவார், எனக்கு ஞாபகம் இல்லை என்று ஒப்புக்கொள்வார். கவலைப்பட வேண்டிய மாற்றம் எது என்றால், புதிதாக ஒரு ஆதாரம் வெளியே வந்த மறுநாளே அதற்கு ஏற்றபடி கதை வளைந்துகொடுப்பது.

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்த மனைவிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

தெரியாமல் இருந்திருக்கலாம். மேலே சொன்ன பிடிகே கொலைகாரன் டென்னிஸ் ரேடர் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்றான். மனைவி, இரண்டு பிள்ளைகள், தேவாலயத்தில் பொறுப்பு, சாரணர் குழு, எல்லாம் இருந்தது. 2005 இல் கைதாகும்வரை வீட்டாருக்குத் தெரியாது. குடும்பம் என்பது நம்புவதற்கே ஏற்பட்ட இடம். நாம் கேட்கிற பேச்சை உண்மை என்று எடுத்துக்கொள்வதுதான் மனித இயல்பு, ஒவ்வொரு சொல்லையும் சோதித்துக்கொண்டே யாராலும் சேர்ந்து வாழ முடியாது.

தெரியாது என்பதற்கும் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதற்கும் நடுவே ஒரு மங்கலான இடம் இருக்கிறது. ராத்திரி துவைத்த சட்டையைப் பார்த்தும் ஏன் என்று கேட்காமல் திரும்பிப் படுத்துக்கொண்ட மனைவி அங்கே இருக்கிறார். அடிவாங்குகிற பெண்ணாக இருந்தால் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் உயிர்ப்பயம். அவர் அன்பால் மூடி மறைக்கிறார் என்று சொல்லுமுன் அந்த வீட்டில் யாருக்கு யார் பயந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

குழந்தைகள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது சரியா?

கேட்கிற விதத்தில்தான் இருக்கிறது. டெக்சாஸில் மைக்கேல் மோர்ட்டன் என்பவரின் மனைவி 1986 இல் கொல்லப்பட்டார். மோர்ட்டன் போதுமான அளவு துக்கம் காட்டவில்லை என்பது அவருக்கு எதிராகப் பேசப்பட்டது, 1987 இல் ஆயுள் தண்டனை. ஆனால் மூன்று வயது மகன் தன் பாட்டியிடம், அம்மாவை அடித்தது ஒரு பூதம், அப்பா அப்போது வீட்டில் இல்லை என்று தானாகவே சொல்லியிருந்தான். செத்துப்போனது பாட்டியின் சொந்த மகள், மருமகனைக் காப்பாற்ற அவருக்கு ஒரு காரணமும் இல்லை, ஆனாலும் பேரன் சொன்னதைப் போலீஸிடம் அப்படியே சொன்னார். அந்தக் குறிப்பு மோர்ட்டனின் வக்கீலுக்குக் கொடுக்கப்படவே இல்லை. ஏறக்குறைய 25 வருடம் கழித்து, 2011 இல், வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த ஒரு துணியிலிருந்த டிஎன்ஏ உண்மைக் கொலையாளியைக் காட்டியது.

கேட்காமலே குழந்தை சொன்னதற்கு மதிப்பு அதிகம். “அப்பாதானே அடித்தார்? நல்லா யோசித்துச் சொல்லு” என்று ஐந்து முறை கேட்டால் ஆறாவது முறை குழந்தை ஆமாம் என்றுவிடும். என்ன நடந்தது, அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். உறவினர்கள் யாரும் ஒத்திகை பார்க்கவே கூடாது.

கொல்லப்பட்டவரின் அண்ணன் சாட்சி சொல்கிறார். பகையில் சொல்கிறார் என்று ஒதுக்கலாமா?

இந்திய உச்ச நீதிமன்றம் 1953 இல் தலீப் சிங் வழக்கில் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது. நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியை விட்டுவிட்டு வேறொருவரை மாட்டிவிட விரும்பமாட்டார், எனவே உறவு என்பதற்காக மட்டும் சாட்சியை ஒதுக்கக் கூடாது. ஆனால் பழைய பகை கொதிக்கும்போது குற்றவாளியோடு சேர்த்து ஒரு நிரபராதியையும் இழுத்துவிடுகிற பழக்கம் உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நான்கு பேர் வந்தார்கள் என்றால் முதல் ஆளைப் பற்றிச் சொன்னதை விட, நான்காவது ஆளைப் பற்றிச் சொன்னதைத்தான் கவனமாகச் சோதிக்க வேண்டும்.

சரி, எதுவுமே உதவாது என்கிறீர்கள். எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பேச விடுவதுதான் முதல் வேலை. குறுக்கே பேசாமல், குற்றம்சாட்டாமல், முழுக் கதையையும் அவர் வாயாலேயே சொல்ல விட வேண்டும். கையில் இருக்கிற ஆதாரத்தை ஆரம்பத்திலேயே மேஜையில் போட்டுவிட்டால், பொய் சொல்கிறவர் அதற்கேற்ப கதையைத் தைத்துவிடுவார். சிசிடிவியில் கார் தெரிகிறது என்று நமக்குத் தெரியும், ஆனால் சொல்ல வேண்டாம், அன்று எந்த வழியாகப் போனீர்கள் என்று மட்டும் கேளுங்கள். உண்மை சொல்கிறவர் இயல்பாகவே அந்தச் சாலையைச் சொல்லிவிடுவார், மறைக்கிறவர் அதை விட்டுவிட்டுப் போவார். மரியா ஹார்ட்விக், பேர் ஆண்டர்ஸ் கிரான்ஹாக் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முறையில் பயிற்சி பெற்றவர்கள் சுமார் 85 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், பயிற்சி இல்லாதவர்கள் 56 சதவீதம்தான். அதே மனிதக் கண்தான், கேட்ட முறை மட்டும் வேறு.

எதிர்பாராத கேள்வியும் உதவும். இரண்டு பேர் சேர்ந்து சாப்பிடப் போனோம் என்று ஒத்திகை பார்த்திருந்தால், என்ன சாப்பிட்டீர்கள் என்பதைப் பேசி வைத்திருப்பார்கள். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், யார் முதலில் எழுந்தார் என்பதைப் பேசி வைத்திருக்க மாட்டார்கள். தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

என் சொந்த அண்ணன்மேலேயே எனக்குச் சந்தேகம். நான் என்ன செய்வது?

இப்படி எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுத எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும். உங்களுக்கு முன்னால் இந்த இடத்தில் நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் தபால் குண்டுகள் அனுப்பி மூன்று பேரைக் கொன்று 23 பேரைக் காயப்படுத்திய ஆள் எழுதிய நீண்ட அறிக்கை 1995 இல் செய்தித்தாளில் வெளியானபோது, டேவிட் கசின்ஸ்கியின் மனைவிதான் இது உங்கள் அண்ணன் எழுதியது போல இல்லையா என்று முதலில் கேட்டார். டேவிட் நம்பவில்லை. ஆனால் வீட்டிலிருந்த அண்ணனின் பழைய கடிதங்களை எடுத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார், அதே வாக்கியங்கள், அதே கருத்துகள். பிறகு ஒரு வக்கீல் வழியாகப் புலனாய்வுத் துறையை அணுகினார். 1996 ஏப்ரலில் டெட் கசின்ஸ்கி கைதானார். அண்ணன் முகத்தைப் பார்த்து அவர் முடிவெடுக்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார்.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். சந்தேகம் வந்தது எதனால் என்று தேதி போட்டு எழுதுங்கள்: பார்த்தது தனி, கேட்டது தனி, நீங்களாக ஊகித்தது தனி. அண்ணனை உட்கார வைத்து மடக்கிக் கேட்காதீர்கள், அவர் செய்தவராக இருந்தால் எச்சரிக்கை ஆகிவிடுவார், செய்யாதவராக இருந்தால் உங்கள் உறவு அன்றோடு உடையும். போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள், அழுக்குத் துணி ஒன்றைக்கூட இடம் மாற்றாதீர்கள், நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது தடயத்தைக் கெடுத்ததாகும். வீட்டில் மற்றவர்களோடு சேர்ந்து எல்லோரும் ஒரே மாதிரி சொல்லலாம் என்று பேசவே பேசாதீர்கள், நீங்கள் சொல்லப்போவது முழு உண்மையாக இருந்தாலும் சரி. யாருக்காவது இப்போதே ஆபத்து என்றால் உடனே போலீஸ். இல்லையென்றால், அண்ணனுடைய வக்கீல் இல்லாத வேறு ஒரு வக்கீலை உங்களுக்காக மட்டும் பாருங்கள், எழுதி வைத்த தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.